இணையத்தில் ஒரு வேலைத் துணையைத் தேடிக்கொள்வது எப்படி?

வேலைப் பட்டியல் எழுதத் தெரியும். காலண்டரில் நேரம் ஒதுக்கவும் தெரியும். ஆனால் அந்த நேரம் வந்ததும் உட்கார மட்டும் முடிவதில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேலாளர் கேட்கிற வேலையையும், தேதி குறித்த தேர்வையும் எவ்வளவு தள்ளிப்போட்டாலும் எப்படியோ முடித்துவிடுகிறோம். யாரும் கேட்காத வேலைகள்தான் கிடப்பில் கிடக்கின்றன: ஆய்வேட்டின் அடுத்த அத்தியாயம், புது மொழிப் பயிற்சி, வேலை மாறுவதற்கான விண்ணப்பம், வருடக்கணக்காகச் சேர்ந்த புகைப்படங்களை ஒழுங்குபடுத்துவது. இவற்றுக்காக இன்னொரு செயலியை இறக்கிப் பார்ப்பதைவிட, "இன்றைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டு, பதிலை நினைவில் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிக்கொள்வது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

துணை தேடும்போது பெரும்பாலானவர்கள் தங்கள் துறையில் இருப்பவரை, தங்கள் இலக்கையே கொண்டவரைத் தேடுகிறார்கள். அது அவ்வளவு முக்கியமில்லை. 1727-இல் பிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நண்பர்களைச் சேர்த்து 'ஜன்டோ' என்ற சிறு மன்றத்தைத் தொடங்கினார். பத்திரம் நகலெடுப்பவர், நில அளவையர், செருப்புத் தைக்கும் தொழில் கற்றவர், தச்சர் என்று பல தொழில்காரர்கள் அதில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதி வந்து வாசிக்க வேண்டும் என்பது விதி. தொழில் வேறு வேறாக இருந்தாலும் நாளும் நேரமும் விதியும் எல்லாருக்கும் ஒன்று. நீங்கள் தேட வேண்டிய ஒற்றுமையும் அதுதான்: நேரத்தில் ஒற்றுமை, சொன்ன சொல்லைக் காப்பதில் ஒற்றுமை.

எந்த வேலைக்குத் துணை வேண்டும்?

எல்லா வேலைக்கும் இன்னொருவர் கூட இருப்பது உதவாது. சைக்கிள் பந்தய வீரர்கள் தனியாக ஓட்டுவதைவிட மற்றவர்களுடன் ஓட்டும்போது வேகமாக ஓட்டுகிறார்கள் என்று பந்தயப் பதிவுகளை வைத்து 1898-இல் நார்மன் டிரிப்லெட் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றில் இதற்கு நேர்மாறாக, ஆள் இருந்தால் வேலை கெடுவதும் தெரிந்தது. 1965-இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் இந்த முரண்பாட்டுக்கு ஒரு விளக்கம் தந்தார். கைப்பழக்கமான வேலையை மற்றவர் முன்னிலையில் நாம் இன்னும் நன்றாகச் செய்கிறோம். இன்னும் பிடிபடாத, சிக்கலான வேலையில் தடுமாறுகிறோம்.

இதை வைத்து உங்கள் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். எப்படிச் செய்வது என்று தெரிந்தும் தொடங்காமலே இருக்கும் வேலைகள் ஒரு பக்கம்: கணக்கு எழுதுவது, படித்த பாடத்தைத் திரும்பப் பார்ப்பது, வரைவைத் திருத்துவது, சேர்ந்துபோன மின்னஞ்சல்களுக்குப் பதில் போடுவது. துணையோடு செய்ய இவைதான் ஏற்றவை. முட்டி மோதி யோசிக்க வேண்டியவை இன்னொரு பக்கம். அவற்றைத் தனியாகச் செய்யுங்கள். தொடங்கும்போது ஒரு வரி, முடிக்கும்போது ஒரு வரி துணைக்கு அனுப்பினால் போதும்.

தேடுவதற்கு முன்னால் தனியாக ஒரு வாரம்

யாரையும் அழைப்பதற்கு முன்னால் ஒரு வாரம் தனியாக ஒரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலில் எழுதுங்கள். முடித்ததும் உண்மையில் எவ்வளவு ஆனது என்பதைப் பக்கத்திலேயே குறியுங்கள். நோட்டுப் புத்தகம் போதும்.

இது எதற்கு என்றால், நேரத்தைக் கணிப்பதில் மனிதர்கள் எல்லாருமே பலவீனமானவர்கள். 1994-இல் ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், பட்ட ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள் மாணவர்கள். எல்லாமே தவறாகப் போனால்? சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமான நிலைமைக்கென்று போட்ட கணக்கே போதவில்லை.

தனியாக இருக்கும்போது இந்தக் கணக்குப் பிழை நம்மோடு போய்விடும். துணை வந்த பிறகு அப்படியில்லை. முதல் வாரத்தில் பத்து வேலை செய்கிறேன் என்று சொல்லி மூன்றை முடித்தவர், இரண்டாம் வாரம் வெட்கத்தில் ஏதோ காரணம் சொல்வார். மூன்றாம் வாரம் காணாமல் போய்விடுவார். இப்படிப்பட்ட கூட்டு நிறைய உடைவது இங்கேதான். உங்கள் உண்மையான வேகம் கையில் இருந்தால், காப்பாற்றக்கூடிய அளவுக்கு மட்டும் வாக்குக் கொடுப்பீர்கள்.

எங்கே தேடுவது?

புதியவர்களுக்கு எளிய தொடக்கம் ஃபோகஸ்மேட் போன்ற தளங்கள். 25, 50 அல்லது 75 நிமிட இடம் ஒன்றை முன்பதிவு செய்தால் அதே நேரத்தில் வேலை செய்ய விரும்பும் ஒருவரோடு வீடியோவில் இணைத்துவிடுவார்கள். ஆரம்பத்தில் இருவரும் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும், பிறகு அவரவர் வேலை, கடைசியில் என்ன ஆனது என்று சொல்லிவிட்டு விடைபெற வேண்டும். அறிமுகப் பேச்சு எதுவும் தேவையில்லை. நிரந்தரத் துணை தேடுபவர்களும் முதலில் இங்கே சில அமர்வுகளில் கலந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். நடைமுறை பழகிவிடும், எந்த நேரம் உங்களுக்கு ஒத்துவருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

வீடியோவில் முகம் காட்டவே கூச்சம் என்றால் ஒருவர் உட்கார்ந்து படிப்பதையே காட்டும், யூடியூபில் மணிக்கணக்கில் ஓடும் 'ஸ்டடி வித் மீ' வீடியோக்களை ஓடவிட்டுப் படியுங்கள். அங்கே உங்களை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அதன் குறை, கூச்சமுள்ளவர்களுக்கு அதுவே நிறை.

நிரந்தரத் துணைக்கு, நீங்கள் ஏற்கெனவே இருக்கும் இடங்களே நல்லவை. இணைய வகுப்பில் கூடப் படிப்பவர்கள், தேர்வுக்கான டெலிகிராம் அல்லது வாட்ஸ்அப் குழு, டிஸ்கார்டில் உள்ள படிப்பு அறைகள், பழைய அலுவலக நண்பர்கள். குழுவில் சேர்ந்ததும் "எனக்குத் துணை வேண்டும்" என்று பொதுவில் கேட்காதீர்கள். நிறையப் பேர் கை தூக்குவார்கள், மறுநாள் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள். ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். வருடத் திட்டத்தைப் பத்தி பத்தியாக எழுதுபவரைத் தாண்டிப் போங்கள். "இன்று 4 பக்கம் முடித்தேன்" என்று சின்னதாக, ஆனால் தவறாமல் போடுபவர் யார் என்று பாருங்கள். அவரைத்தான் கேட்க வேண்டும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று பொருத்தம் பார்த்தால் போதும். ஒன்று, இருவருக்கும் ஒரே நேரம் காலியாக இருக்க வேண்டும். அவர் வேறு நாட்டில் இருந்து, அதே நேரம் உங்களுக்கு விடியற்காலை, அவருக்கு முன்னிரவு என்றாலும் பரவாயில்லை. இரண்டு, வேலையின் அளவு ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். தினம் எட்டு மணி நேரம் படிப்பவருக்கும் வாரம் மூன்று மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கும் ஒத்துவராது. மூன்று, பேசும் தொனி. கண்டிப்பாக நடத்தினால்தான் வேலை ஓடும் என்பவர் உண்டு, அதட்டினால் சுருங்கிப்போகிறவரும் உண்டு. இதை முதல் உரையாடலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரே துறையில் இருப்பவர் கிடைத்தால் ஒரு நன்மை இருக்கிறது: உங்கள் கணக்கு நடக்குமா நடக்காதா என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒரே தேர்வுக்கு, ஒரே பதவிக்குப் போட்டியிடுபவர் என்றால் வேண்டாம். அவர் முன்னேறுவதைப் பார்த்து உங்கள் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். மிக நெருங்கிய நண்பரும் வேண்டாம் என்பேன். பேச நிறைய இருப்பவர்களிடம் பேசாமல் உட்கார்வது கடினம்.

முதல் செய்தி

கேட்கத் தயங்குபவர்கள்தான் அதிகம். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். தினமும் காலையில் என்ன படித்தீர்கள் என்று நீங்கள் குழுவில் போடுவதைப் பார்க்கிறேன். நானும் ஒரு சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கிறேன். காலை 6 முதல் 7 வரை என் நேரம். வாரத்தில் மூன்று நாள், 50 நிமிடம், வீடியோவில் சேர்ந்து உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்க்கலாமா? இரண்டு வாரம் முயற்சி செய்வோம். சரிவராவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம், அதில் சங்கடம் ஒன்றும் இல்லை."

அவரை ஏன் கேட்கிறீர்கள் என்பதும், எவ்வளவு நேரம் கேட்கிறீர்கள் என்பதும், எப்போது விலகிக்கொள்ளலாம் என்பதும் இதில் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். முடிவு தெரியாத ஒன்றுக்குச் சம்மதிக்க யாருக்கும் தயக்கம் வரும். பதில் வராவிட்டால் சில நாள் கழித்து ஒருமுறை மட்டும் நினைவூட்டுங்கள். அப்புறம் வேறு ஒருவரைப் பாருங்கள்.

செய்தியில் உங்கள் பெரிய கனவை விவரிக்க வேண்டாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. பீட்டர் கோல்விட்சரும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சட்டத் துறையில் சிறப்பாக வர வேண்டும் என்ற தங்கள் எண்ணத்தை இன்னொருவர் கவனித்துவிட்டார் என்று அறிந்த சட்ட மாணவர்கள், மற்றவர்களைவிடக் குறைவாகவே அதற்கான வேலையில் ஈடுபட்டார்கள். யார் ஆகப் போகிறோம் என்று சொல்வதிலேயே ஆனது போன்ற நிறைவு கிடைத்துவிடுகிறது. அதனால் துணையிடம் "எழுத்தாளராகப் போகிறேன்" என்று சொல்லாதீர்கள். "வியாழக்கிழமைக்குள் இரண்டு பக்கம்" என்று சொல்லுங்கள்.

தொடங்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டியவை

அவர் சம்மதித்ததும் உடனே வேலையில் இறங்காமல் கால் மணி நேரம் இதற்காகவே பேசுங்கள். பேசி முடித்ததை ஒரு குறிப்பாக எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையைத்தான் பின்பற்றுவேன் என்றால் இதையே பின்பற்றச் சொல்வேன்.

நாளும் நேரமும் முதலில். வேறு நாட்டில் இருப்பவர் என்றால் நேரத்தைக் காலண்டர் அழைப்பாக அனுப்பிவிடுங்கள், மனக்கணக்கு வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் கடிகாரம் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். அமெரிக்காவின் பெரும்பகுதியில் அது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். உங்கள் கடிகாரம் மாறாவிட்டாலும் அவருடையது மாறும், அந்த வாரங்களில் ஒருவர் ஒரு மணி நேரம் காத்திருக்க நேரும்.

அடுத்தது, வர முடியாவிட்டால் என்ன செய்வது. முந்தின இரவே சொல்லிவிட வேண்டும், அவசரம் என்றால் ஒரு வரி அனுப்ப வேண்டும், ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டு மற்றவர் தன் வேலையைத் தொடங்கிவிடலாம். இப்படி ஒரு விதி இருந்தால், வராதவர் மன்னிப்புக் கேட்டே நேரத்தைத் தின்ன வேண்டியதில்லை; வந்தவருக்கும் அந்த நாள் வீணாகாது.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதும் முக்கியம். வேலை நடந்ததா என்று கேட்கலாம். சம்பளம், குடும்பம், உடல்நிலை பற்றி அவராகச் சொன்னால் ஒழியக் கேட்க வேண்டாம். அலுவலக ஆவணம் தெரியும்படி திரையைப் பகிராதீர்கள். பின்னால் முகவரி எழுதிய உறையோ பிள்ளைகளோ தெரியாமல் கேமராவைத் திருப்பிக்கொள்ளுங்கள். பணம் கேட்டாலோ, ஏதாவது முதலீட்டில் சேரச் சொன்னாலோ, தெரியாத செயலியை நிறுவச் சொன்னாலோ அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் முன்பின் தெரியாதவரோடு இதைச் செய்ய வேண்டாம். வகுப்புத் தோழரோடு, வீட்டாருக்குத் தெரிந்து செய்யலாம்.

கடைசியாக, முடிவுத் தேதி. முதல் சுற்றுக்கு இரண்டு வாரம், பிடித்திருந்தால் அடுத்ததற்கு இரண்டு மாதம்.

அமர்வு நடக்கும் விதம்

50 நிமிட அமர்வு என்றால் முதல் மூன்று நிமிடம் பேச்சுக்கு. பிறகு இருவரும் மைக்கை அணைத்துவிட வேண்டும். கேமரா இருக்கட்டும், முகம்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, மேசையும் கையும் தெரிந்தாலும் போதும். போன் வேறு அறையில். கடைசி மூன்று நிமிடத்துக்கு அலாரம்.

50 நிமிடம் நீளமாகத் தோன்றினால் பொமோடோரோ முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கியது அது. 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு. இரண்டு சுற்றுக்கு ஒரு மணி நேரம்.

ஆரம்பத்தில் என்ன சொல்கிறீர்கள் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. "ஆய்வேட்டைப் பார்க்கப் போகிறேன்" என்றால் முடிவில் "பார்த்தேன்" என்று சொல்லிவிடலாம், எதுவும் நகர்ந்திருக்காது. "மூன்றாம் அத்தியாயத்தில் முதல் இரண்டு பத்திகளை எழுதப் போகிறேன்" என்றால் எழுதினீர்களா இல்லையா என்பது உங்களுக்கே தெரியும். கூடவே ஒரு 'வந்தால்' வாக்கியமும் சேருங்கள்: "எழுதும்போது தகவல் ஒன்றைத் தேட வேண்டி வந்தால், கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவேன்." இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிவெடுத்தவர்கள் வெறும் இலக்கோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது மேலே சொன்ன கோல்விட்சர் 1990-களிலிருந்தே ஆராய்ந்து காட்டிய விஷயம். உங்கள் கவனம் வழக்கமாக எங்கே ஓடுகிறது என்று யோசித்து அந்த இடத்துக்கு வாக்கியம் அமையுங்கள். சிலருக்கு அது மின்னஞ்சல், சிலருக்குச் செய்தித் தளம், சிலருக்கு எழுதியதையே திருத்திக்கொண்டிருப்பது.

கடைசி மூன்று நிமிடத்தில் இரண்டே வரி. என்ன முடிந்தது, அடுத்து கை வைக்க வேண்டிய இடம் எது. இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். முடிக்காத வேலை மனதில் வந்து வந்து தொந்தரவு செய்வதையும், அதை எப்போது எப்படி முடிப்பது என்று குறிப்பாகத் திட்டமிட்டதும் அந்தத் தொந்தரவு குறைவதையும் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் 2011-இல் சோதனைகளில் காட்டினார்கள். அமர்வு முடிந்தபின் மனம் இலேசாக இருக்க வேண்டுமானால் அந்த ஒரு வரி தேவை.

வாரக் கணக்கு

வாரத்துக்கு ஒருமுறை, கால் மணி நேரம், வேலையில்லாமல் பேச்சு மட்டும். என்ன சொன்னோம், என்ன நடந்தது, அடுத்த வாரம் எதைக் குறைக்கப் போகிறோம்? எல்லாரும் "எதைச் சேர்க்கப் போகிறோம்" என்றே கேட்பார்கள். குறைப்பதைக் கேட்டுப் பழகுங்கள். பட்டியல் இருவருக்கும் நம்பும்படி ஆகும்.

சொன்னது நடக்காத வாரங்கள் வரும். அப்போது "ஏன் செய்யவில்லை?" என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். அதற்குக் கிடைப்பது சாக்கு மட்டும்தான், கேட்டவரும் சொன்னவரும் கொஞ்சம் தள்ளிப்போவார்கள். "எந்த இடத்தில் நின்றது?" என்று கேளுங்கள். "விண்ணப்பத்தில் சம்பள எதிர்பார்ப்பு எழுதும் இடத்தில் நின்றுவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கே ஒரு வேலை கிடைத்துவிட்டது: அடுத்த 25 நிமிடத்தில் அந்த ஒரு இடத்தை மட்டும் முடிப்பது. துணையாக இருப்பவர் செய்யக்கூடிய பேருதவி, நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க உதவுவதுதான். யோசனைகளைக் கொட்டுவது இல்லை. கேட்டால் மட்டும் யோசனை சொல்லுங்கள்.

சறுக்கும் இடங்கள்

பேச்சு நீள்வது முதல் சறுக்கல். இருவருக்கும் பிடித்துப்போனால் இது கட்டாயம் நடக்கும். நட்பை வெட்ட வேண்டியதில்லை. அமர்வுக்குப் பிறகு பத்து நிமிடம் என்று தனியாக ஒதுக்குங்கள், முன்னால் வேண்டாம்.

ஒருவர் மட்டுமே கேட்பவராகவும் மற்றவர் பதில் சொல்பவராகவும் ஆகிவிடுவது இன்னொன்று. ஆசிரியர் மாணவர் உறவு போல ஆகிவிட்டால் சிறிது காலத்தில் இருவருக்கும் சலித்துவிடும். யார் முதலில் பேசுவது என்பதை ஒவ்வொரு வாரமும் மாற்றுங்கள்.

சொல்லாமல் இரண்டு முறை வராதவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "நலமா? இந்த நேரம் இப்போது ஒத்துவராவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை." பதில் வராவிட்டால் அந்த நேரத்துக்கு வேறு ஒருவரைத் தேடுங்கள். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று ஒருவர் சொன்னால் அது பட்டியல் போட்டுத் தீர்க்கிற விஷயம் இல்லை. காது கொடுத்துக் கேளுங்கள், வீட்டாரிடமோ மருத்துவரிடமோ பேசச் சொல்லுங்கள். அந்த வாரம் வேலைக் கணக்கு வேண்டாம்.

குழு எப்போது?

இருவர் கூட்டு ஒரு சுற்று நன்றாக ஓடிய பிறகு, நான்கைந்து பேராக விரிக்கலாம். அதற்கு மேல் போனால் ஒருவர் வராதது தெரியாமல் போய்விடும். தெரியாவிட்டால் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக வராமல் போவார்கள்.

குழுவுக்குக் குறுகிய காலமும், எண்ணிச் சொல்லக்கூடிய அளவும் வேண்டும். நவம்பர் மாதத்தில் நடந்து வந்த, 50,000 சொல்லில் நாவல் எழுதும் நானோரைமோ என்ற இயக்கம் 1999-இல் 21 பேரோடுதான் தொடங்கியது. 30 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 1,667 சொல் என்று இலக்கு எல்லாருக்கும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. பின்னாளில் உலகெங்கும் இலட்சக்கணக்கானவர்கள் கலந்துகொண்டார்கள். அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டது, ஆனால் அந்த வடிவத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சொல்லுக்குப் பதிலாகப் பக்கமாகவோ, கணக்காகவோ, நிமிடமாகவோ இருக்கட்டும். ஒரு பொதுத் தாளில் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொருவரும் அன்றைய எண்ணை மட்டும் இரவில் பதியுங்கள். அடுத்தவர் எண்ணைப் பற்றி யாரும் கருத்துச் சொல்ல வேண்டாம்.

30 நாள் முடிந்ததும் குழுவைக் கலைத்துவிடுங்கள். தொடர விரும்புபவர்கள் ஒரு வாரம் இடைவெளி விட்டு, புதிய அளவையும் புதிய தேதியையும் போட்டு மறுபடி சேரட்டும்.